பல் மருத்துவரின் கூரையில் இரண்டு கால்கள்

வேலை மந்தமான அந்த வருடத்தில், இரண்டாம் மாடி அலுவலகத்தில் நின்றிருந்த ஆள்தேடியின் கால்கள் முதல் மாடியில் இருந்த பல் மருத்துவரின் கூரையில் தொங்கின. நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவள் தொழில். ஆள்தேடி என்பது உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். வருகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர், சேர வேண்டிய நாளில் போனை அணைத்துவிட்டுக் கம்பி நீட்டினால், அவள் நின்ற இடத்தில் ஒரு சாண் தரைக்குள் இறங்குவாள். சொன்னபடி போய்ச் சேர்ந்தால் ஒரு சாண் ஏறுவாள். நல்ல வருடங்களில் அவள் தரைக்கு மேலே அந்தரத்தில் நின்று, மின்விசிறி தலையில் இடிக்காமல் குனிந்து வேலை பார்த்ததும் உண்டு. அப்போதெல்லாம் மேலாளர் வந்தவர் போனவரிடம் அவளைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். மாலையில் கையை ஊன்றி எழுந்து வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வந்து நின்றால் விட்ட இடம் வரைக்கும் இறங்கிவிடுவாள். முழங்கால் உள்ளே போனதும் மேசையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள். தச்சர் கூலியை அவள் சம்பளத்தில் பிடித்தார்கள்.

பல் மருத்துவர் முதலில் மாடியேறி வந்து சத்தம் போட்டார். செருப்பில் இருந்து மண் உதிர்ந்து நோயாளிகளின் வாயில் விழுகிறதாம். அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் துவைத்த காலுறை போட்டுக்கொண்டாள். கூரையைப் பார்த்தவர்கள் தாமாகவே வாயைப் பிளந்ததால் வாயைத் திறவுங்கள் என்று சொல்லும் வேலை மிச்சமென்று அவரும் சமாதானமானார். இடுப்பளவுக்கு அவள் இறங்கிய மாதத்தில், தொங்கித் தொங்கிக் கால்கள் வீங்கியிருப்பதைக் கண்டு, பல்பு மாட்டும் ஏணியை அவராகவே அவள் பாதங்களுக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார். அன்று அவள் கழிப்பறைக்குப் போய் அழுதாள். மேலாளர் அப்படி இல்லை. முதல் மாடி நம் வாடகை ஒப்பந்தத்தில் வராது, அங்கே விழுகிறவர் நம் ஆள் கிடையாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். இடுப்பைத் தாண்டினால் தரை தாங்காது, விழுவதற்கு இன்னும் ஒரே ஒருவர் வராமல் போனால் போதும்.

வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். தம்பி படித்துவிட்டுச் சும்மா இருந்தான். ஊருக்கெல்லாம் வேலை வாங்கித் தருகிறவளுக்குக் கூடப் பிறந்தவன் கண்ணில் படவில்லையா என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் கேட்பாள்.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை, குளிர்பதனக் கிடங்கு ஒன்றுக்கு அவள் பிடித்து வைத்திருந்த மேற்பார்வையாளர். நாளைக்குக் காலையில் அவர் சேர வேண்டும். அவள் காலையிலிருந்து போனைக் கையை விட்டு வைக்கவில்லை. அலுவலகம் காலியாகிற நேரத்தில் அது அடித்தது. பழைய முதலாளி சம்பளத்தை ஏற்றித் தருகிறேன் என்கிறார் என்று அவர் இழுத்தார். இந்த இழுப்பு அவளுக்கு அத்துப்படி. வேலையை விடுகிறேன் என்றவனை இனி எந்த முதலாளியும் நம்பமாட்டார் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் அவர் வேறொன்று கேட்டார்.

"மேடம், மனசுல பட்டதைச் சொல்லுங்க. உங்க தம்பியா இருந்தா அங்க அனுப்புவீங்களா?"

தரை அவள் இடுப்பை இறுக்கியது. கீழே ஏணியின் மேல்படியைக் கட்டைவிரலால் பற்றிக்கொண்டாள். அந்தக் கிடங்கில் எந்த மேற்பார்வையாளரும் நிரந்தரமாவதற்கு முன்பே துரத்தப்படுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். கடைசியாகத் துரத்தப்பட்டவரை அங்கே அனுப்பியதும் அவள்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒரு சாண் ஏறலாம்.

"என் தம்பி வேலையில்லாமத்தான் வீட்டுல இருக்கான். அவனையே அங்க அனுப்ப மாட்டேன். நீங்களும் போகாதீங்க."

மறுநாள் காலை குறித்த நேரம் தாண்டியதும் ஆள்தேடி மார்பு, கழுத்து, தலை என்று முழுவதுமாக இறங்கினாள். தரை மூடிக்கொண்டது. மேலாளர் அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைக்கச் சொன்னார். அவள் ஏணியில் படிப்படியாக இறங்கி வந்து, சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, ஓரமாக உட்கார்ந்தாள். பல் மருத்துவர் ஒரு வாயை முடித்துவிட்டுத் திரும்பி, வரவேற்பு மேசைக்கு ஆளே நிற்பதில்லை, ஒருவரைப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றாள், பழக்க தோஷத்தில்.

அங்கேயே ஒரு மூலையில் கடை விரித்தாள். கிடங்குக்குப் போகாதவர், உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லி ஆட்களை அனுப்பினார். கன்னம் வீங்கியவர்களும் காத்திருக்கிற நேரத்தில் வேலை கேட்டார்கள். சிலர் போய்ச் சேர்ந்தார்கள், அவள் அந்தரத்தில் நின்றாள். அடுத்த வருடம் மறுபடி மந்தமானது. சிலர் போனை அணைத்தார்கள். ஒரு மத்தியான வேளையில் தரைத்தளத்துச் செருப்புக் கடையின் கூரையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. கடைக்காரர் நிமிர்ந்து அளவைப் பார்த்தார். பிறகு மேல்தட்டிலிருந்து பெட்டி எடுக்கும் ஏணியைத் தள்ளிக்கொண்டு வந்து, பாதங்களுக்கு அடியில் ஆடாமல் நிறுத்திவிட்டு, வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.