ஆபரேட்டர் சார்

மூன்றாவது முறையாகப் போன் அடித்தபோது வேதநாயகம் மனைவியின் கால்களுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தார். இடது கால் முடிந்திருந்தது. வலது காலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். பம்பாயிலிருந்து கப்பல் கம்பெனிக்காரர்கள் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். மகன் ஜான்சன் அவர்களுடைய சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவன் எந்தக் கடலில் இருக்கிறான் என்று பார்த்து, அம்மா இறந்த செய்தியைச் சேர்க்க வேண்டும்.

"ஹலோ."

முதல் இரண்டு தடவையைப் போலவே பதில் இல்லை. எதிர்முனையில் ஆள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. இரண்டு வினாடிக்கு ஒருமுறை, குருவிக் குஞ்சு மாதிரி எதுவோ 'கீ' என்று கூவி நிறுத்தியது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

"யாரு மாமா?" என்று கேட்டாள் தேசம்மா.

"யாரும் பேசல. கத்துது."

"இன்னா கத்துது?"

"தெரியல."

தேசம்மா அவர் மனைவி ரோஸியின் தங்கை. நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிறவள். செய்தி கேட்டதும் கூடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் தள்ளிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் சாந்தோமுக்கு ஓடி வந்திருந்தாள். அக்காவின் வலது காலுறையை அவளே இழுத்துவிட்டாள். பிறகு, மீன் வாசனை ஒட்டிவிடுமோ என்று நினைத்தவளாக, ஓடிகோலோன் பாட்டிலைக் கவிழ்த்து அந்தக் காலில் இன்னும் கொஞ்சம் தடவினாள்.

காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசையில் வைத்துவிட்டு வந்த ரோஸி, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நாலரைக்கு அடக்கம் என்று மாதா கோயிலில் சொல்லியாகிவிட்டது. துக்க மணியும் அடித்துவிட்டார்கள்.

வேதநாயகம் போன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போனை ஒட்டிய மேஜையில் ஜான்சன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருந்தது. அதன்மேல் ரோஸி தைத்துப் போட்ட பூப்போட்ட உறை. போன் வயர் சுவரிலிருந்து நேராகப் போனுக்கு வராமல், கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் நுழைந்து வெளியே வந்தது. இரண்டு வருடமாக அது அப்படித்தான் வருகிறது. இன்றைக்குத்தான் அவர் அதைப் பார்த்தார்.

இரண்டு வருடம். ரோஸி வெளியூர் போன்களை இணைத்துக் கொடுக்கிற டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்ததும் இரண்டு வருடம்தான். அவர் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போடுவார். பிஸி. அரை மணி கழித்துப் போட்டாலும் பிஸி. மூன்று மணிக்கும் பிஸி. ஒரு நாள் சாப்பிடும்போது, "மத்தியானம் போன் போட்டேன்" என்றார். "அப்படியா?" என்று சொல்லிவிட்டு ரோஸி சட்டியைச் சாய்த்து இன்னொரு துண்டு வவ்வால் மீனை அவர் தட்டில் வைத்தாள். அவர் மேலே கேட்கவில்லை. அவள் முகத்தில் கொஞ்ச நாளாக ஒரு வெளிச்சம் இருந்தது. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

பத்தே முக்காலுக்கு மறுபடி போன் அடித்தது. இந்தத் தடவை ஆள்.

"ஹலோ, ஆபரேட்டர் வீடுங்களா?"

எக்ஸ்சேஞ்சிலிருந்து யாரோ என்று நினைத்து, "ஆமா" என்றார்.

"அப்பாடா! நான் கணேசமூர்த்தி சார், மேற்கு மாம்பலம். காலையிலேர்ந்து ரெண்டு மூணு பேர் போட்டுப் பாக்கறோம். உங்க கம்ப்யூட்டர் எடுக்கவே மாட்டேங்குது. போர்டுக்கு என்ன சார் ஆச்சு?"

"இது சாவு வீடுங்க."

"யாரு சார்?"

"என் சம்சாரம்."

"ஐயோ சார்... வீடு எங்க சார்? நாங்க வர்றோம்."

அவர் யோசிக்காமல் விலாசத்தைச் சொன்னார். 'நாங்க' என்ற சொல் போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

இரண்டு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பதினோரு பேர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உறவுக்காரர்களைத் தாண்டி உள்ளே வரத் தயங்கி, வெயிலிலேயே நின்றார்கள். ஒருவரையொருவர் முன்பின் பார்த்தவர்கள் போலத் தெரியவில்லை. ஆனால் தாழ்ந்த குரலில், "நீங்கதான் மெகாபைட்டா?", "ஆந்தைன்னா வயசானவர்னு நினைச்சேன், நீங்க காலேஜ் பொண்ணா?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

"யாரு மாமா இவுங்கல்லாம்?" என்றாள் தேசம்மா.

"தெரியல" என்று இரண்டாவது முறையாகச் சொன்னார் வேதநாயகம்.

முன்னால் வந்தவர் முப்பது வயது மதிக்கத்தக்க, சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் செருகிய ஆள். வேதநாயகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் கணேசமூர்த்தி. உங்களை முதல்முதலா இப்படியா பாக்கணும் ஆபரேட்டர் சார்?"

'ஆபரேட்டர் நானில்லை' என்று சொல்ல வேதநாயகம் வாயைத் திறந்தார். அதற்குள் கணேசமூர்த்தியின் கண் கலங்கிவிட்டது. "நீங்க மட்டும் அன்னைக்கு பதில் போடலைன்னா, கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை மூடிட்டு நான் திண்டிவனத்துக்கே போயிருப்பேன் சார்."

வேதநாயகம் வாயை மூடிக்கொண்டார். பிறகு, தனக்கே வியப்பாக, "என்னைக்கு?" என்று கேட்டார்.

அவர்களை வாசல் பந்தலுக்கடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தானும் உட்கார்ந்தார். சவப்பெட்டிக்காரர் வந்து அளவு கேட்டபோது மைத்துனர்களைக் கைகாட்டிவிட்டார். உள்ளே பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் இங்கே ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். 'நீ எப்படி வந்து சேர்ந்தே? முதல்லேர்ந்து சொல்லு.' துக்கத்தில் இருக்கிறவர் ஆறுதலுக்காகக் கேட்கிறார் என்று நினைத்து அவர்களும் சொன்னார்கள்.

கேட்கக் கேட்க அவருக்கு ஒருமாதிரி புரிந்தது. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை, ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்த வீட்டு நம்பருக்குப் போன் போடுவார்கள். இங்கே இருக்கும் கம்ப்யூட்டர், மோடம் என்கிற அந்தக் கறுப்புப் பெட்டி வழியாக எடுக்கும். காலையில் 'கீ' என்று கத்தியது அவர்களுடைய கம்ப்யூட்டர்தான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். வந்தவர் தன் கேள்வியை எழுதி வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் அதைப் படித்துப் பதில் எழுதுவார். சுவரே இல்லாத ஒரு நோட்டீஸ் போர்டு. இங்கிலீஷிலும், இங்கிலீஷ் எழுத்தில் தமிழிலுமாக. ஆளுக்கொரு புனைபெயரில், நூற்று நாற்பது பேர்.

"மோடம் வாங்கிட்டு அதை வேலை செய்ய வைக்கத் தெரியாம எத்தனை பேர் சார் முழிச்சோம்!" என்றார் கணேசமூர்த்தி. "மத்த போர்டுல கேட்டா, இதுகூடத் தெரியாதான்னு சிரிப்பாங்க. உங்க போர்டுல அது நடக்காது. புதுசா வந்தவன் கேள்வியப் பாத்து சிரிச்சா மூணு நாளைக்கு உள்ள விடாம ஹோல்டுல போட்டுடுவீங்களே."

"என்னையும் போட்டீங்க" என்றார் மெகாபைட், அசடு வழிய.

"இன்னார்கிட்ட கேளுங்க, அவர் திருவான்மியூர்ல இதே மெஷின்தான் வெச்சிருக்கார்னு கோத்து விடுவீங்க. எங்க நூத்து நாப்பது பேருக்கும் என்னென்ன தெரியும்னு எப்படி சார் ஞாபகம் வெச்சிருந்தீங்க?"

வேதநாயகம் தலையை ஆட்டினார். எக்ஸ்சேஞ்சில் முந்நூறு ஊர்களின் நம்பர்களைப் புத்தகம் பார்க்காமல் சொன்னவள் அவள். அதை அவர் இவர்களிடம் சொல்லவில்லை.

அடையாறிலிருந்து வந்த பெண்ணின் பெயர் மஹதி. இன்ஜினியரிங் படிக்கிறாள். 'ஆந்தை' அவள்தான். "போர்டு டல்லா இருந்தா நீங்க ஏதாவது கேள்வி போடுவேளே, அதுதான் சார் எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். "'உங்க கம்ப்யூட்டர் மேல என்ன வெச்சிருக்கீங்க?'ன்னு கேட்டேளே, ஞாபகம் இருக்கா? எங்காத்துல அம்மா பிள்ளையார் வெச்சிருக்கான்னு எழுதினேன். ஒருத்தர் தோசைத் தட்டுன்னு எழுதினார். ஒரே நாள்ல நாப்பது பதில்!"

"பிள்ளையாருக்கு நான் என்ன சொன்னேன்?"

"'சூடு ஆகாம பாத்துக்கோங்க, அவருக்கும் விசிறி வேணும்'னு."

வேதநாயகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பிணத்தை வைத்துக்கொண்டு வாசலில் சிரிக்கிறானே என்று ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். ரோஸி இப்படிப் பேசக்கூடியவள்தான். கல்யாணமான புதிதில் பேசியிருக்கிறாள். அப்புறம் எப்போது நின்றது என்று யோசித்தார். பிடிபடவில்லை.

நடுவில் அவர்கள் எழுந்து உள்ளே போய், மரியாதையாக வரிசையில் நின்று கும்பிட்டார்கள். மெழுகுவர்த்திகளுக்கு நடுவே படுத்திருந்த பெண்ணை அந்நிய வீட்டுப் பெண்மணியைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். வெளியே வந்ததும் கணேசமூர்த்தி, "பாவம் சார் அம்மா. நாள் பூரா போனை எங்களுக்கே விட்டுட்டீங்க. எவ்வளவு தொந்தரவா இருந்திருக்கும்!" என்றார்.

வேதநாயகத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

மஹதி பேச்சை மாற்ற நினைத்தவள் போல, "போன மாசம்கூட ஒரு கேள்வி போட்டேளே சார்" என்றாள். "'உங்க வீட்ல யாராவது உங்ககிட்ட கேக்கணும்னு நீங்க காத்துண்டிருக்கற கேள்வி என்ன?'ன்னு. எல்லாரும் ஏதேதோ எழுதினோம். அப்பா ஒரு நாளாவது 'என்னடி படிக்கறே'ன்னு கேக்கணும்னு நான் எழுதினேன். கடைசில நீங்களும் ஒண்ணு எழுதினேள். அதுதான் எங்களுக்குப் புரியவே இல்ல. ஜோக்குன்னு விட்டுட்டோம்."

"என்ன எழுதி இருந்துச்சு?"

"'மத்தியானம் லைன் ஏன் பிஸியா இருக்கு?' அவ்ளோதான்."

பந்தலில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். வேதநாயகம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அதுவரை பேசாமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து அவர் முன்னால் ஒரு சின்ன நோட்டை நீட்டினார். நரைத்த குறுந்தாடி, வெள்ளைத் தொப்பி. "ஹனீஃபா பாய் சார்" என்றார் கணேசமூர்த்தி. "ராயப்பேட்டைல பிரஸ்ல ப்ரூஃப் பாக்கறார். காது கேக்காது, பேச வராது. போன்ல இவர் மத்தவங்களோட பேசறதுன்னா அது உங்க போர்டுல மட்டும்தான்."

அச்சடித்தது போன்ற கையெழுத்து. 'உங்கள் துக்கத்தில் பங்கு கொள்கிறேன். நீங்கள் தேறி வரும் வரை போர்டைப் பார்த்துக்கொள்ள நான் உதவலாமா, ஆபரேட்டர் சார்?'

வேதநாயகம் பேனாவை வாங்கினார். வாயால் சொல்ல வராததை எழுத வந்தது. 'ஆபரேட்டர் நானில்லை. உள்ளே இருக்கிறாள். பெயர் ரோஸி. எனக்கும் இன்றுதான் தெரியும்.'

ஹனீஃபா அதைப் படித்தார். மறுபடி படித்தார். நோட்டைக் கணேசமூர்த்தியிடம் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போயிற்று. கடைசியாக வாங்கிய மஹதி வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நான் ஒரு தடவை கேட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். "நீங்க ஆணா பொண்ணான்னு. 'லைன் பிஸி'ன்னு பதில் வந்தது."

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று வேதநாயகம் எதிர்பார்த்தார். ஆனால் கணேசமூர்த்தி எழுந்து சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து நாற்காலியில் வைத்தார். உள்ளே போனார். ஒவ்வொருவராக எல்லோரும் போனார்கள். இந்தத் தடவை யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை. குனிந்து, கிட்டப்போய், அந்த முகத்தைப் பார்த்தார்கள். நெற்றி, மூக்குத்தி, கன்னத்து மச்சம். மனப்பாடம் செய்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

தேசம்மா எழுந்து வந்து வேதநாயகத்தின் தோளைத் தட்டினாள். "இன்னா மாமா, யாரு இவுங்க? அந்தப் பொண்ணு இப்படித் தேம்புது!"

"ரோஸியோட ஃப்ரெண்ட்ஸு."

"இத்தினி பேரா? எங்க போய் புடிச்சா? வீட்ட வுட்டு எங்கயும் போவ மாட்டாளே?"

"இங்கதான்" என்று மேஜையைக் காட்டினார்.

தேசம்மா பூப்போட்ட உறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எங்கிட்டகூட சொல்லல பாரு, கள்ளி" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள்.

மூன்றே முக்காலுக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து பேசினார்கள். செய்தி போய்விட்டது, ஜான்சன் வர இரண்டு வாரம் ஆகும். நாலு மணிக்குப் பங்குச் சாமியார் வந்து உடலை மந்திரித்தார். பெட்டியைக் குப்பத்து உறவுக்காரர்கள் தூக்கினார்கள். தெருமுனை திரும்பும்போது கணேசமூர்த்தி ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்தார்.

ஆற்றோரக் கல்லறைத் தோட்டத்தில் வெயில் சாய்ந்திருந்தது. எல்லோரும் ஒவ்வொரு பிடி மண் போட்டார்கள். உறவுக்காரர்கள் கை கழுவப் போனார்கள். வேதநாயகம் பக்கத்திலிருந்த ஒரு பழைய கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்தார். வெட்டியான் மண்வெட்டியைத் திருப்பி மேட்டைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான்.

ஹனீஃபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரம் மண்வெட்டி எழுந்து விழுவதைப் பார்த்தார். பிறகு நோட்டை எடுத்து எழுதினார். ஒரு சொல்லை அடித்து மறுபடி எழுதினார். தயக்கத்துடன் நீட்டினார்.

'ரோஸி அவர்களின் குரல் எப்படி இருக்கும்?'

வேதநாயகம் பேனாவைத் திறந்தார். முதல் வரி எழுதச் சற்று நேரமாயிற்று. பிறகு பேனா நிற்கவில்லை. தேசம்மா வந்து, "போலாமா மாமா?" என்றாள். அவர் நிமிரவில்லை. அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் அவளுக்குத் தெரியும். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பக்கம் முடிந்துவிட்டது. வேதநாயகம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்திலும் எழுத ஆரம்பித்தார்.