ஏழாவது கேள்வி

பிப்ரவரி ஒன்பதாம் தேதி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கருத்துப் பெட்டியில் நாற்பத்தொரு தாள்கள் விழுந்தன. நாற்பதில் எல்லாக் கேள்விக்கும் ‘முழு திருப்தி’. ஒன்றில் மட்டும், நர்ஸ் மரியாதையாக நடந்துகொண்டாரா என்ற ஏழாவது கேள்விக்கு ‘இல்லை’.

அது ஒரு தையல்காரியின் தாள். ஆஸ்துமா உள்ள ஆறு வயது மகளோடு வரிசையில் நின்றவளிடம், “மூச்சு வாங்குறது பிள்ளைக்கா, உனக்கா? தள்ளி நில்லும்மா” என்று நர்ஸ் எரிந்து விழுந்திருந்தாள். பெயர் எழுத வேண்டாம் என்றதும் கை துணிந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது கணவன் கேட்டான்: “தாள் மேல ஓ.பி. சீட்டு நம்பர் போட்டியா?”

“போடச் சொன்னாங்க.”

“நல்லதாப் போச்சு. பேரை மறைச்சுட்டு விலாசத்தைக் குடுத்துட்டு வந்திருக்கே.”

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இழுப்புக்கு மருந்துப்புகை கொடுக்கும் இயந்திரம் பக்கத்தில் அங்கே மட்டும்தான் இருந்தது. அதை இயக்குவதும் அதே நர்ஸ்தான்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மகளுக்கு இழுப்பு தொடங்கியது. கணவன் வேலைக்குப் போயிருந்தான். தானாக அடங்கிவிடும் என்று அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். செருப்பை மாட்டினாள், கழற்றினாள். மகளின் உதடு நீலம் பாய்ந்ததும்தான் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

நர்ஸ் சீட்டை வாங்கினாள். எண்ணைப் பார்த்ததும் அவள் கை ஒரு கணம் நின்றது. ஆனால் அடுத்த நொடியே முகமூடி குழந்தையின் முகத்தில் இருந்தது.

“எப்ப ஆரம்பிச்சுது?”

“எட்டு மணிக்கு.”

கடிகாரம் பத்தைத் தாண்டியிருந்தது.

“ரெண்டு மணி நேரம் என்ன பண்ணே?”

“பயந்துட்டேன். அந்தத் தாள்ல…”

நர்ஸ் டாக்டர் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அந்தப் பதிலை நான் அன்னிக்கே மாத்தி எழுதிட்டேன். நான் கான்ட்ராக்ட்டுதான்; ஒரு ‘இல்லை’ மேலிடத்துக்குப் போனாலும் என்னை வேலையில வச்சுக்க மாட்டாங்க. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா.”

இரண்டு முறை புகை கொடுத்தும் இழுப்பு அடங்கவில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். குழந்தை நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்தது. ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தது.