விமானத்துக்கு முன் ஒரு சிங்கம்

இரண்டு விமானங்களுக்கு நடுவே நைரோபியில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களுக்கு அவசர அவசரமாகக் காட்டைக் காட்டுவதுதான் முவேனியின் பிழைப்பு. ஒட்டகச்சிவிங்கியும் வேண்டும், மதியத்துக்குள் விமானமும் ஏற வேண்டும் என்று பறப்பவர்களையெல்லாம் அவள் சிரித்த முகத்தோடு சமாளித்திருக்கிறாள். அவளைக் கதிகலங்க வைத்தவர் சொந்தத் தாய்மாமன்தான்.

பாஸ்டர் முலாண்டி பெயர்போன பிரசங்கி. கிட்டூயியில் ஆடு மேய்த்த வயதில், பாய்ந்து வந்த சிங்கத்தை ஒரே ஜெபத்தில் மண்டியிட வைத்தவர். இதை அவரே ஊரெல்லாம் சொல்வார். அந்தச் சாட்சியைக் கேட்டு உருகித்தான் கனடாவில் ஒரு சபை அவரை அழைத்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் போன் செய்தார்.

"முவேனி, நாளைக்கு எனக்கு ஒரு சிங்கம் வேணும்."

"நாளைக்கு உங்களுக்கு ஃப்ளைட் இல்ல மாமா?"

"அதுக்கு முன்னாடிதான். நான் சிங்கத்துக்குப் பக்கத்துல நிக்கிற மாதிரி வீடியோ கேக்குறாங்க. பெரிய திரையில போடுவாங்களாம்."

"கேட்டு எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம் இருக்கும்."

"இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

முவேனி தலையில் அடித்துக்கொண்டு திட்டம் போட்டாள். ஊரை ஒட்டிய வனவிலங்குப் பூங்காவின் கதவு திறந்ததும் முதல் வண்டியாக உள்ளே போவது. புல்வெளியை ஒரு சுற்று சுற்றுவது. மொம்பாசா சாலைப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தால் விமான நிலையம் கூப்பிடு தூரம். பெட்டியும் வண்டியிலேயே இருக்கும். நடுவில் யாரும் பிரசங்கம் பண்ணக் கூடாது, அவ்வளவுதான்.

விடியற்காலையில் பாஸ்டர் பாலாடை நிறத்து சூட்டில், ஊரையே தூக்கும் சென்ட் வாசனையோடு வந்து ஏறினார். பின்னாலேயே சப்பாத்திக் கட்டும், சோளமும் பயறும் வெந்த முத்தோகோய்ப் பானையுமாக அத்தை கனினி.

"அத்தை, நீங்களுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவர் சிங்கக் கதையக் கேக்குறேன். ஒரு சிங்கத்து மூஞ்சியாவது பாக்க வேணாமா?"

டிரைவர் கிலோன்சோ மூன்று முறை தும்மினான். "பாஸ்டர், இந்த வாசனைக்கு சிங்கமெல்லாம் தான்சானியாவுக்கே ஓடிடும்."

ஓடித்தான் போயிருந்தன போல. வரிக்குதிரை நின்றது, எருமை முறைத்தது, தீக்கோழி வண்டியோடு போட்டி போட்டது. சிங்கம் மட்டும் இல்லை. வெயில் ஏற ஏற பாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், முவேனி அவரைப் பார்த்தாள். திரும்பலாம் என்று அவள் வாயெடுத்தபோது, வேறொரு டிரைவர் கிலோன்சோவைக் கூப்பிட்டு, அணைக்கரையில் இரண்டு பெண் சிங்கங்கள் படுத்திருப்பதாகச் சொன்னான்.

போனார்கள். குட்டிகளும் இருந்தன. கிலோன்சோ என்ஜினை அணைத்தான். பாஸ்டர் திறந்த கூரை வழியே தலையை நீட்டி, கோட்டைச் சரிசெய்துகொண்டார். முவேனி போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள்.

"கனடா தேசத்து அன்பான சகோதர சகோதரிகளே..."

பெரிய சிங்கம் எழுந்து நேராக வண்டியை நோக்கி நடந்தது. சுற்றுவட்டாரத்தில் ஒரு மரமில்லை, அதற்கு வேண்டியது வண்டியின் நிழல். பாஸ்டருக்கு அது தெரியவில்லை. அது சக்கரத்தருகே வருவதற்குள் அவர் சீட்டுக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டார். மீதி உடம்பு உள்ளே போகவில்லை.

சிங்கங்கள் வண்டியோரம் சரிந்து படுத்தன. குட்டிகள் வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டன.

"வண்டிய அசைக்க முடியாதுக்கா. குட்டி சக்கரத்துகிட்டயே படுத்திருக்கு" என்றான் கிலோன்சோ.

நேரம் போனது. தலைக்கு மேல் விமானங்கள் ஒவ்வொன்றாக ஏறிப் போயின. எத்தனையோ அந்நியர்களைச் சரியான நேரத்துக்குக் கொண்டு சேர்த்தவள் சொந்த மாமாவைக் கோட்டை விடுகிறோமே என்று முவேனிக்கு அழுகை முட்டியது.

அத்தை சப்பாத்தியைப் பிட்டபடி சொன்னாள்: "எந்திரிச்சு அதட்டுங்க. அன்னிக்கு மண்டியிட வெச்சீங்களே."

"அது ஆண் சிங்கம், கனினி. இது பொம்பளை."

"பொம்பளைன்னா பயமோ?"

"உனக்குத் தெரியாதாக்கும்."

ஆனாலும் ரோஷம் வந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்தே முழுக்குரலில் ஜெபித்தார். முவேனியின் கை தானாகப் போனைத் தூக்கி அதையும் படம் பிடித்தது. சிங்கம் தலையைத் தூக்கிக் கேட்டது. பிறகு நீளமாகக் கொட்டாவி விட்டு, முன்னைவிட நன்றாகத் தூங்கியது.

"அப்படியே நம்ம சபைதான்" என்றாள் அத்தை.

பாஸ்டரின் குரல் இறங்கியது. "முவேனி, கிட்டூயியில வந்தது சிங்கமே இல்லம்மா. கழுதைப்புலி. நான் மரத்து மேல இருந்தேன். அது ஆட்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"எனக்குத் தெரியும். கல்யாணத்தன்னிக்கே உங்கம்மா சொல்லிட்டாங்க" என்றாள் அத்தை. "முத்தோகோய் வேணுமா?"

எங்கிருந்தோ ஒரு காட்டுப்பன்றி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. சிங்கங்கள் அதன் பின்னால் பாய, குட்டிகளும் தொடர்ந்து ஓடின. கிலோன்சோ வண்டியைப் பறக்கவிட்டான். விமான நிலையத்தில் கதவடைக்கப் போகிற நேரத்தில் பாஸ்டர், முழங்காலில் புழுதியும் மடியில் முத்தோகோய்க் கறையுமாக உள்ளே ஓடினார். ஓடும்போதே கத்தினார்: "அந்த வீடியோவ அழிச்சிடும்மா!"

முவேனி அழிக்கத்தான் நினைத்தாள். ஆனால் அவள் போனை வாங்கிப் பார்த்த அத்தை அதற்குள் சபைப் பெண்கள் குழுவுக்கு அனுப்பியிருந்தாள். அங்கிருந்து கைமாறி, விமானத்துக்கு முன்பே வீடியோ கனடா போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில், சீட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த பாலாடை நிறத்துப் பின்புறம் ஜெபம் செய்தது. சபை கண்ணீர் வரச் சிரித்தது. வேறு வழியில்லாமல் பாஸ்டர் மேடையேறி, கழுதைப்புலி, மரம், ஆடு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர்களுக்கு அவரைப் பிடித்துப்போய், இன்னும் ஒரு மாதம் இருக்கச் சொன்னார்கள்.

"மனசு லேசாயிடுச்சும்மா" என்று போனில் சொன்னார். குரலில் நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அத்தையும் கூப்பிட்டாள். சபைப் பெண்கள் எல்லோருக்கும் சிங்கம் பார்க்க வேண்டுமாம், பெரிய வண்டியாக வேண்டுமாம்.

"எவ்வளவு நேரம் அத்தை?"

"நீ கணக்கெல்லாம் போடாத. சிங்கம் தூங்குனா நாங்களும் தூங்கிக்கிறோம். வீட்லதான் யாரும் இல்லையே!"