முதலையின் ஒட்டுக்கோடு

அந்த ஆற்று முதலைகளுக்கு வேலை நேரம் கிடையாது. சுற்றுலாப் படகுக்கு உண்டு. காலை எட்டு முதல் மாலை ஐந்து. இந்தச் சிக்கலைத் தீர்க்க முதலாளி ஒரு பிளாஸ்டிக் முதலையை வாங்கி, மூன்றாவது வளைவில் இருந்த மணல்திட்டில் படுக்கப் போட்டிருந்தார். இருபதடிக்குக் கிட்டே போகக் கூடாது, பொம்மை என்ற சொல் வாயில் வரக் கூடாது. மீறினால் சீட்டு கிழிந்துவிடும். படகோட்டி இரண்டு வருடமாக மீறியதில்லை.

நான்கு நாளைக்கு முன் வந்த வெள்ளம் பொம்மையை அடித்துக்கொண்டு போனது. மறுநாளே அதே திட்டில் நிஜ முதலை ஒன்று வந்து வெயில் காய்ந்தது. சம்பளம் கேட்காத ஆள் கிடைத்ததில் முதலாளிக்கு நிம்மதி. பொய் சொல்லாமல் பிழைப்பதில் படகோட்டிக்கு நிம்மதி.

அன்று ஏறியவர்கள் நாலு பேர்: கணவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், மனைவியின் தம்பி. கணவர் பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி வார்க்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். போன மாதம் கூட வேலை செய்பவர்களோடு இதே படகில் வந்தவர். அன்று பார்த்த ஒரு விஷயத்தை மாதம் முழுக்க வயிற்றில் வைத்துக் காத்திருந்தார்.

"மாமா, அந்தக் கொக்கு அசையவே மாட்டேங்குதே. உங்க கம்பெனி சரக்கா?" என்றான் மச்சான்.

"கொக்கு அசல்டா. கொஞ்சம் பொறு, நம்ம சரக்கு வரும்."

மூன்றாவது வளைவில் படகோட்டி எஞ்சினைத் தணித்தார். "அதோ, நிஜ முதலை. யாரும் சத்தம் போடாதீங்க."

இரண்டு வருடமாகச் சொன்ன அதே வசனம், அதே குரலில்.

கணவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "இருபது வருஷமா பிளாஸ்டிக் வார்க்கிறவன்கிட்டயேவா? வயித்தோரமா ஒட்டுக்கோடு ஓடுதுப்பா. அச்சுல ரெண்டு பாதியா வார்த்து ஒட்டினது. போன மாசமே பார்த்துட்டேன்."

"சார், இது நிஜம்."

"போன மாசமும் இதையேதான் சொன்னே."

பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு முன்பக்கமாக இறங்கிவிட்டார். தண்ணீர் முழங்கால் அளவுதான்.

"ஏங்க, ஏறுங்க. மானத்தை வாங்காதீங்க," என்றாள் மனைவி.

"அவன் மானம்தான் இன்னிக்குப் போகுது!"

மகள் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் படகோட்டிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பொம்மை என்று இப்போது சொன்னால் நாளைக்கே முதலாளி பார்ப்பார். "சார், இறங்க அனுமதி இல்லை," என்றார். பிறகு, "சேறு, உள்ள இழுக்கும்," என்றார். வேலையைக் காப்பாற்றுகிற காரணங்களாகத் தேடிக்கொண்டிருந்ததில் கணவர் பத்தடி நடந்துவிட்டார்.

"சார்!" படகோட்டி கத்தினார். "போன மாசம் நீங்க பார்த்தது பொம்மைதான்..."

மச்சான் விசிலடித்தான். மகள் "அப்பா ஜெயிச்சாச்சு!" என்று கூவினாள். கணவர் படகைப் பார்த்துத் திரும்பி, கோப்பை வாங்கியவரைப்போல இரண்டு கையையும் தூக்கினார். அது வெள்ளத்தில் போய்விட்டது, இது நிஜம் என்கிற மிச்சம் அந்த ஆரவாரத்துக்கு அடியில் அமுங்கிப்போயிற்று.

அவருக்குப் பின்னால் முதலை வாயைத் திறந்தது. சத்தம் கேட்டுத் திரும்பினார்.

"அட, மோட்டார்கூட வச்சிருக்கான்டா!"

படகில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் விழுந்த பிறகும் ஒரு நொடி சிரித்தார்கள்.

படகோட்டி படகைத் திட்டின் மேல் ஏற்றி, துடுப்போடு குதித்து அடித்தார். தண்ணீரைத்தான் அடிக்க முடிந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

கரைக்குத் திரும்பும்போது மச்சான் மட்டும் யாரிடமோ போனில் அழுதுகொண்டிருந்தான். மனைவி எழுந்து வந்து எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொம்மைன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

படகோட்டி அந்த வாக்கியத்தை முழுதாகச் சொன்னார். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"வெள்ளத்துல போனதை முதல்ல சொல்லியிருக்கலாம்," என்றாள்.