தகரச் சுவருக்கு வெளியே ஒரு கிதார்

லோபேத்தியின் தாய்மாமன் ஆக்லாந்திலிருந்து அனுப்பிய மின்கிதார் கப்பலில் வந்து இறங்கிய வாரத்தில், தென்கடலிலுள்ள வவாவுத் தீவின் எங்கள் ஊரில் பையன்கள் மூவர் சேர்ந்து ராக் இசைக்குழு ஒன்றைத் தொடங்கினோம். கிதார் லோபேத்தியிடம் இருந்தது. என் தம்பி பெனி தேயிலைப் பெட்டி ஒன்றில் துடைப்பக் கழியை நட்டு, ஒற்றை நரம்பை இழுத்துக் கட்டி, அதனையே பேஸ் கிதார் என்று மீட்டினான். சோசாயா என்னும் நான், தேவாலயத்து வாத்தியக் குழுவினரிடம் இரவல் வாங்கிய இரண்டு முரசுகளுடன் பெரிய பிஸ்கட் டப்பாவின் மூடியைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்கு டிரம் செட் என்று பெயர் சொல்லிக்கொண்டேன். குழுவிற்கு ‘மின்னல்’ என்று பெயர் வைத்தவன் லோபேத்தி. வெளிச்சம் இன்னும் வரவில்லை, இடி மட்டும் வந்திருக்கிறது என்று ஊரார் கேலி பேசினர்.

ஒத்திகைக்கு இடம் கொடுத்தவர் லோபேத்தியின் தந்தைக்கு உடன்பிறந்தவரான சிசிலியா அத்தை. அவருக்கு வனிலாத் தோட்டமும், காய்களை உலர்த்தும் தகரக் கொட்டகையும், பழைய லாரி ஒன்றும் இருந்தன. அந்தக் குடும்பத்தில் அத்தை சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கொட்டகைக்குள் நுழைந்தால் வனிலா மணம் சட்டையில் ஏறிக்கொள்ளும். நாங்கள் தெருவில் நடந்தால் சிறு பிள்ளைகள் பின்னாலேயே முகர்ந்துகொண்டு வருவார்கள்.

பாட்டை லோபேத்தியே எழுதினான். எங்கள் பழைய பாட்டுகள் காதலை மலர் என்றும் கடற்பறவை என்றும் பூடகமாகச் சொல்லி நிறுத்திவிடும். அவனோ வானொலியில் கேட்ட அயல்நாட்டுப் பாட்டுகளின் போக்கில், ‘உன் கழுத்தின் வியர்வையை நினைத்து உறங்காமல் கிடந்தேன்’ என்று திரையின்றி எழுதிவிட்டான். அவ்வரியில் மெட்டு மிக உயரத்திற்கு ஏறி, அங்கே சற்று நின்று, மனமில்லாமல் இறங்கிவரும். அந்த உயரம் எங்களில் எவருக்கும் எட்டவில்லை. பெனி நாள்தோறும் முயன்றான்.

“கயித்துல மாட்டிக்கிட்ட ஆடு மாதிரி இருக்குடா” என்றான் லோபேத்தி.

“ஆடாவது மேல ஏறப் பாக்குது. நீ பாடினா கோழி மாதிரி வேலிக்கு இந்தப் பக்கமே நிக்குற” என்றான் பெனி.

ஒரு பிற்பகலில் பெனி அவ்வரியை மீண்டும் கெடுத்தபோது, சுவருக்கு வெளியிலிருந்து ஒரு பெண்குரல் அதனை எடுத்துப் பாடிற்று. உரக்கப் பாடவில்லை; வேலையின் நடுவே வாய்க்கு வந்ததைப் பாடும் குரல்தான். ஆயினும் பெனி இடறி விழுந்த இடத்தை அது படியேறுவதுபோல் ஏறிக் கடந்தது, உச்சியில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. என் கையில் குச்சி அசையவில்லை. அப்போது, எவரும் தொடாத அந்தப் பிஸ்கட் மூடி, தொங்கிய இடத்திலேயே மெல்ல முனகத் தொடங்கியது. உலோகம் ஒரு குரலுக்கு விடை சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். பிடரி சிலிர்த்தது. தேவாலயத்தில்கூட எனக்கு அப்படி நேர்ந்ததில்லை.

லோபேத்தி கிதாரை ஓசையின்றிக் கீழே வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி பின்வாசல் வழியாக வெளியேறினான். அந்தக் குரல் அவனுடைய அக்காள் லவினியாவின் குரல். அத்தையுடன் அமர்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் அவள்.

அவன் போனதற்குக் காரணம் எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் நாட்டில் உடன்பிறந்த பெண் ஆணைவிட உயர்ந்தவள். அவள் இருக்கும் இடத்தில் காதல் பேச்சோ கொச்சைப் பேச்சோ அவன் காதில் விழலாகாது. விழுந்தால் அவமதிப்பு அவளுக்கு. நெய்யாஃபு நகரத்துச் சினிமாக் கொட்டகையில் அக்காள் அமர்ந்திருப்பதைக் கண்ட தம்பி, வாங்கிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டிற்கு நடப்பான். பெரியப்பன், சித்தப்பன் பிள்ளைகளுக்கும் இதுவே முறை. நானும் பெனியும் வேறு தீவிலிருந்து குடியேறிய குடும்பம், லவினியாவுக்கு எவ்வகையிலும் உறவல்ல; ஆதலால் அவளிடம் எங்களுக்கு அந்தத் தடை இல்லை.

மறுநாள் லவினியா கொட்டகை வாயிலில் வந்து நின்றாள். எங்களைவிட ஓரிரு வயது மூத்தவள். தேவாலயப் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். அந்தப் பாட்டைத் தானே பாட விரும்புவதாகச் சொன்னாள். பெனி தன் நரம்பைத் துடைத்தபடி, அப்படியானால் தன் தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும், ஊருக்கும் கிடைக்கும் என்றான். அவள் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை நூறு பேரோட சேந்து பாடுறேன். அதுல என் குரல் எதுன்னு எனக்கே தெரியாது” என்றாள் என்னிடம். “நேத்து சுவத்துக்கு வெளிய தனியாப் பாடினப்பத்தான் அது என் காதுல விழுந்துச்சு. இன்னொரு தடவ கேக்கணும், சோசாயா.”

நான் லோபேத்தியைத் தேடிச் சென்றேன். அவன் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகின்மேல் அமர்ந்திருந்தான். செய்தியைச் சொன்னேன்.

“அக்கா பாடட்டும்” என்றான். “அந்த வரி எப்படிப் போகணும்னு என் மனசுல இருந்துச்சோ, அப்படியே போச்சுடா. அவங்கள விட்டா ஆளே கிடையாது. நீங்க வேற கிதார்காரனப் பாத்துக்குங்க.”

தீவில் மின்கிதார் ஒன்றுதான் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்தவனும் ஒருவன்தான். கிதாரைக் கொடுத்தாலும் அவன் விரல்களை யாரிடம் வாங்குவது? அவன் இல்லாவிடில் பாட்டு இல்லை. அவள் இல்லாவிடில் அந்த உயரம் இல்லை. இருவரும் இருந்தாலோ முறை இல்லை. பாட்டைப் படைத்தவனே அதன் பக்கத்தில் நிற்க முடியாமற்போவது என்னைப் பெரிதும் வாட்டியது. அவன் முகத்தைப் பார்க்க இயலாமல் நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழியைக் கண்டவன் அவனேதான். இரண்டு நாள் கழித்துக் கொட்டகைக்குச் சென்றபோது, ஒலிபெருக்கியிலிருந்து ஒரு வயர் தரையோடு ஓடி, சுவர்த்தகரத்தின் ஆணித்துளை வழியே வெளியே போயிருந்தது. துண்டு வயர்களை எங்கெங்கோ கேட்டு வாங்கிப் பற்றவைத்து நீட்டியிருந்தான். சுவருக்கு அப்பால், சீமைப்பலா மரத்தடியில், எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்து கிதாரை மடியில் வைத்திருந்தான். லவினியா முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். வயரைப் பார்த்தாள், அது போகும் துளையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்கு அப்பால் பாட்டு கேளாமலா இருக்கும்? கேட்கும். கேட்பவன் முகத்தைப் பாடுபவள் காணாதிருந்தால், கேளாதவனாகவே அவனைக் கருதிக்கொள்ளலாம். எங்கள் ஊர் வீடுகளில் பல காரியங்கள் இப்படித்தான் நடந்தேறும்.

அன்று தொடங்கி ‘மின்னல்’ உண்மையாகவே இசைக்குழு ஆயிற்று. தம்பிக்கு அக்காளின் மூச்சு தெரியாது. அக்காளுக்குத் தம்பியின் விரல் தெரியாது. இருவருக்கும் நடுவே என் முரசுதான் தூது. அவள் மூச்சிழுக்கும்போது தோள் சற்று உயரும். அதைக் கண்டு நான் ஒரு தட்டுத் தட்டுவேன். அதைக் கேட்டு வெளியே கிதார் எழும். ஒலிபெருக்கியிலிருந்து அது வந்து அவள் குரலின் கீழே நிற்கும்போதெல்லாம், நாங்கள் நாலு பேரும் செய்வதைவிடப் பெரிய ஏதோ ஒன்று அந்தக் கொட்டகைக்குள் நடக்கிறது என்று தோன்றும். பெனிகூடக் கேலி பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

அப்படி இருக்கையில், பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் திரட்ட நடக்கவிருந்த கச்சேரியில் ‘மின்னல்’ வாசிக்கும் என்று சிசிலியா அத்தை பள்ளிக் குழுவினருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். எங்களைக் கேட்கவில்லை, கேட்கும் வழக்கமும் அவருக்கு இல்லை. கச்சேரி பள்ளி மைதானத்தில், சனிக்கிழமைப் பிற்பகலில். அத்தையின் லாரியே மேடை. நாலாபுறமும் வெட்டவெளி, ஒளிந்துகொள்ள ஒரு மரமும் இல்லை.

லோபேத்தி அன்று உணவுகூடச் சரியாக உண்ணவில்லை. மைதானத்தின் ஓரம்வரை வயர் எட்டாது என்பதை நடந்தே அளந்து பார்த்துவிட்டு வந்தான். தான் வீட்டிலேயே இருந்துவிடுவதாகவும், கிதார் இல்லாமலே அக்காளைப் பாடச் சொல்லுமாறும் கூறினான். பெனி அப்போது லாரியின் முன்னறையில் ஏறிக் காலை நீட்டிக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தான்.

“பாட்டுக்காரி மேல. கிதார்காரன் டிரைவர் சீட்டுல. பாட்டு முடிஞ்சதும் அப்படியே வண்டிய எடுத்துட்டுப் போயிடலாம், கல் விழறதுக்கு முன்னாடி” என்றான்.

நான் சிரித்தேன். லோபேத்தி சிரிக்கவில்லை. லாரியை ஒருமுறை சுற்றி வந்தான். முன்னறையின் பின்பக்கச் சிறு சன்னலில் கை வைத்துப் பார்த்தான்.

“இதுக்கு ஒரு பாய் போதும்” என்றான்.

சனிக்கிழமை வந்தது. மைதானத்தில் பாய்களை விரித்து, பக்கத்துத் தீவுகளிலிருந்தும் வந்திருந்த குடும்பங்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தன. மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில் வெந்த பன்றியும் சேம்பிலையும் மணத்தன. லாரியின் பின்புறம் கூட்டத்தை நோக்கி நின்றது. முன்புறம் கடலைப் பார்த்திருந்தது. பாய் கட்டி மறைத்த சன்னல் வழியே வயர் வந்து ஒலிபெருக்கியில் சேர்ந்தது. மேடையில் மூவர் மட்டும் இருந்தோம். நான் தட்டியதும் எங்கிருந்தோ கிதார் எழுந்தது. வாசிப்பவனைக் காணாமல் கூட்டம் முதலில் திகைத்தது. பின்னர் பாயையும் வயரையும் லவினியாவையும் மாறிமாறிப் பார்த்தவர்கள் புரிந்துகொண்டனர். கிழவர்கள் சிலர் தலையசைத்தனர்.

அவள் அந்த வரிக்கு வந்தாள். குரல் ஏறிற்று.

முன்வரிசையிலிருந்து இளைஞன் ஒருவன் எழுந்தான். பக்கத்தில் அமர்ந்திருந்த தன் தங்கையைப் பாராமல், குனிந்த தலையுடன் விலகி நடந்தான். அவன் பின்னே இன்னொருவன் எழுந்தான். பிறகு பாய்தோறும் ஆண்கள் எழுந்தனர்: மீசை அரும்பாதவர்கள், பிள்ளை குட்டி பெற்றவர்கள், மரியாதைக்காக இடுப்பில் பாயைச் சுற்றிக் கட்டிய முதியவர்கள். நாங்கள் ஒரு குடும்பத்துக்காகச் சுவர் தேடியிருந்தோம். அந்த மைதானம் முழுவதும் அக்காள்களும் தம்பிகளும், அண்ணன்களும் தங்கைகளும் கலந்து அமர்ந்திருக்கிறார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கூட்டம் கண்முன்னே பாதியாகக் கரைந்தது. பெனி என்னைப் பார்த்தான்.  லவினியா மூச்சிழுக்கக்கூடாத இடத்தில் ஒருமுறை மூச்சிழுத்தாள். பாய்க்குப் பின்னால் இருப்பவனுக்கு இது எதுவும் தெரியாது. நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான். கையை நிறுத்தலாகாது என்பது ஒன்றே என் நினைவில் இருந்தது. தட்டிக்கொண்டே இருந்தேன். அவளும் நிறுத்தவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து, லாரிக்கு அப்பாலிருந்து, நிலம் அதிர்ந்தது. முரசை அணைத்திருந்த என் முழங்கால் அதை உணர்ந்தது. நூற்றுக்கணக்கான பாதங்கள் என் தாளத்திற்குத் தரையை மிதித்தன. எழுந்து போனவர்கள் வீட்டிற்குப் போகவில்லை. லாரியைச் சுற்றி நடந்து, கடற்பக்கத்தில், வண்டியின் முகத்துக்கு எதிரே போய் நின்றிருந்தனர். பின்பு அவர்கள் பாடினார்கள். சொற்களைப் பாடவில்லை, சொற்கள் லவினியாவுக்கே உரியன. குழந்தைப் பருவம் முதல் நான்கு குரல்களாகப் பிரிந்து தோத்திரம் பாடிப் பழகிய தொண்டைகள் அல்லவா? எவரும் கற்றுக்கொடாமலே, அவள் குரலுக்கு அடியில் கனத்த கீழ்க்குரலை விரித்துக் கொடுத்தனர். எதிரே பெண்கள் இடைக்குரலை எடுத்துக்கொண்டனர். நடுவே லாரி சுவராக நின்றது. அதன்மேல் ஒருத்தி, எந்தக் குரலிலும் கலந்து மறையாமல், எல்லாக் குரல்களின் மேலும் நின்று பாடினாள். பிஸ்கட் மூடி முனகவில்லை, கயிற்றோடு நடுங்கிற்று. மூடி மட்டுமா? லாரியின் பலகை, என் பற்கள், எல்லாமே நடுங்கின. அழுகிறேன் என்பதை உப்பு வாயில் பட்டபோதுதான் அறிந்தேன்.

பாட்டு எப்போது முடிந்தது என்று எனக்கு நினைவில்லை.  அதன்பின் சிசிலியா அத்தை எழுந்து ஆடத் தொடங்கினார், மைதானமே எழுந்தது.

முன்னறையின் கதவைத் திறந்தபோது லோபேத்தி கிதாரை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. ஒவ்வொருவராக வந்து முன்கண்ணாடியை நிறைத்ததைச் சொன்னான். காவல்துறை சார்ஜெண்டு, ரொட்டிக் கடைக்காரர், தேவாலய மூப்பர் என்று எல்லோரும் வந்து நின்றார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லையாம். எல்லோரும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“எதுக்கு வந்தாங்கன்னே முதல்ல புரியலடா. அடிக்க வராங்கன்னு நெனச்சேன்” என்றான்.

பின்னர், தாழ்ந்த குரலில், பாடும்போது அக்காளின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டான். நான் அவள் பின்னால் அமர்ந்திருந்தவன். முதுகைத்தான் பார்த்தேன் என்றேன். அந்த முதுகு எப்படி இருந்தது என்று கேட்டான். அவள் மூச்சிழுத்ததுபோல் என் தோளை உயர்த்திக் காட்டினேன். அவன் அதையே விடையாக எடுத்துக்கொண்டான்.

லாரியின் மறுபுறம் பெண்கள் லவினியாவைச் சூழ்ந்து மாலையிட்டுக்கொண்டிருந்தனர். அவள் என்னைக் கண்டதும் மாலை ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.

“கிதார்ல போடச் சொல்லு” என்றாள். “தன் குரல் இப்படித்தான் இருக்கும்னு அக்கா தெரிஞ்சுக்கிட்டாள்னு சொல்லு. அப்புறம், பாட்டோட ரெண்டாவது அடியில அவன் அவசரப்படுறான். அதையும் சொல்லிடு.”

நான் லாரியைச் சுற்றி நடந்து, மாலையைக் கொடுத்து, சொன்னதை அப்படியே சொன்னேன். லோபேத்தி மாலையைக் கிதாரின் கழுத்தில் போட்டான். சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த இரண்டாவது அடியை, இம்முறை மெதுவாக, வாசித்துப் பார்க்கத் தொடங்கினான்.