பள்ளத்தில் ஒரு வண்டியும் கிளம்பவில்லை

"ஏங்க, வண்டி ஸ்டார்ட் ஆகல."

காலை ஏழே முக்கால். என் ஷிப்ட் முடியக் கால் மணி நேரம் இருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கடைசி ரீடிங்குகளைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

"சோக்கை இழுத்துட்டு உதைம்மா."

"இருபது தடவை உதைச்சாச்சு. மூச்சு வாங்குது. சர்வீஸுக்கு விடுங்க, விடுங்கன்னு எத்தனை நாளா தலைபாடா அடிச்சுக்கிறேன்? குழந்தைக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"இன்னும் நாலு உதை. கிளம்பிடும்."

சொன்னது நான்தான். இன்னும் நாலு உதை.

நான் வேலை பார்ப்பது ஒரு குழாய்க்கு. சிமென்ட் ஆலை கக்கும் கரியமில வாயுவைப் பிடித்து, நசுக்கி, பதினோரு கிலோமீட்டர் குழாயில் தள்ளி, பூமிக்கு அடியில் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் பூட்டி வைக்கிறோம். வானத்துக்குப் போனால் உலகம் கொதிக்கும். மண்ணுக்குள் போனால் சமத்தாகக் கிடக்கும். அவ்வளவுதான் எங்கள் வேதம். கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒரு பலகை: 'வானத்துக்கு ஒரு மூச்சும் விடாமல் 998 நாட்கள்'. நாளை மறுநாள் ஆயிரம். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று வாசலில் அப்போதே பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் பச்சைவிளக்கு. திரையில் பச்சை தெரிந்தால் போதும், மனிதர் அரை அடி உயரம் கூடிவிடுவார். அன்று காலையும் எல்லாம் பச்சைதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழாய் போகும் மேட்டுக்குக் கீழே கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். நாற்பது வீடுகள். மூன்று வருடம் முன்பு வந்த கோடையில், மேட்டில் எங்கள் தகர வீட்டுக்குள் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தது. சூடு தாங்காமல் வந்த வலிப்பு. ஈரத்துணியில் சுற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அடுத்த மாதமே பள்ளத்துக்குக் குடி மாறினோம். குளிர்ந்த காற்று கனமானது, கீழே வந்து தங்கும், பகலெல்லாம் சில்லென்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கோடைக்கு அப்புறம்தான் இந்த வேலைக்கும் மனு போட்டேன். என் குழந்தைக்காக உலகத்தில் இரண்டு கை வாயுவையாவது பிடித்து வைக்கலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நினைத்தேன்.

போன் மறுபடி அடித்தது. பள்ளத்துக்கு மேலே கடை வைத்திருக்கும் மெக்கானிக்.

"அண்ணே, உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. வர லேட்டாகும்னு சொல்லிடுங்க. இன்னைக்கு எனக்கு அடிச்சுது யோகம்! ஒரே தெருவுல நாலு வண்டி படுத்துருச்சு. பால்காரர் வேன் வேற நட்ட நடு ரோட்ல நிக்குது. கண்ணு பட்ட மாதிரி எல்லாம் ஒரே நேரத்துல."

"எல்லாமே பள்ளத்துலயா?"

"ஆமாண்ணே, எல்லாம் உங்க ஏரியாதான். ஒரு வெள்ளிக்கிழமை இப்படி அமைஞ்சா போதும், நான்..."

அதற்குமேல் அவன் பேசியது எதுவும் காதில் விழவில்லை. வண்டி கிளம்ப பெட்ரோல் மட்டும் போதாது. காற்று வேண்டும்.

ஜன்னலைப் பார்த்தேன். வாசல் கொடி துணி காயப்போட்ட மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இலை அசையவில்லை.

பள்ளத்து விளிம்பில், வாயு கசிந்தால் கத்தும் சென்சார் ஒன்று எங்களுக்கு உண்டு. மூன்று வாரமாகவே, காற்றில்லாத காலைகளில் அது கத்திக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, காற்று வீசி, எல்லாம் கலைந்திருக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஜெனரேட்டர் புகை என்றோம். சென்சாருக்கு வயசாகிவிட்டது என்று சிரித்தோம். அதைப் 'பராமரிப்பில்' என்று போட்டு வாயை மூடியவன் நான். கையெழுத்தும் என்னுடையதுதான். திரையில் குழாயின் அழுத்தம் இறங்காததற்கும் காரணம் இருந்தது. குழாயில் எங்கோ ஒரு விரிசல். அதில் எவ்வளவு ஒழுகியதோ, அவ்வளவையும் பம்ப் கூடுதலாகத் தள்ளித் தானே ஈடுகட்டிக்கொண்டிருந்தது. அதனால் பச்சை. அத்தனையும் பச்சை.

சென்சாரைத் திரும்ப உயிர்ப்பித்தேன். எண் விறுவிறுவென்று ஏறி, அளவின் உச்சியில் முட்டி, அங்கேயே நின்றது.

வீட்டுக்கு அடித்தேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"கிளம்பலங்க..." மூச்சு இரைத்தது. "தலை கிண்ணுனு இருக்கு. குட்டி வேற தூக்கம் வருதுன்னு வாசப்படியிலேயே படுத்துட்டா. இப்பத்தான் எந்திரிச்சா கழுதை..."

"தூக்கு அவளை! தோள்ல போடு. மாடிக்குப் போ."

"என்னங்க?"

"கேள்வி கேக்காத. நம்ம கேஸ் கீழ வந்திருச்சு. தரையிலதான் தேங்கும். மாடிக்குப் போ, தண்ணி டேங்க் மேல ஏறு. ஓடாத, மூச்சு பத்தாது. ஏறு!"

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. அழைப்பைத் துண்டிக்காமல் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

பம்ப்பை நிறுத்தினேன். இரண்டு பக்க வால்வையும் அடைத்தேன். தீயணைப்புக்குச் சொன்னேன். இதெல்லாம் ஒரு நிமிடம். ஆனால் வால்வுகளுக்கு நடுவே எட்டுக் கிலோமீட்டர் வாயு நசுங்கிக் கிடக்கிறது. அது முழுவதும் அந்த விரிசல் வழியாகப் பள்ளத்துக்குத்தான் போகும். போகாமல் இருக்க ஒரே வழி, அந்தப் பக்கம் குன்றின் மேலிருக்கும் போக்கியைத் திறந்து வானத்துக்கு விடுவது. அதன் சங்கேத எண் பச்சைவிளக்கிடம் மட்டும் இருந்தது.

"சார், போக்கியைத் திறக்கணும்."

டீயோடு வந்தவர் அப்படியே நின்றார். பலகையைப் பார்த்தார்.

"நாலு வண்டி கிளம்பலன்னா... உறுதியா தெரியுமா தம்பி? நாளன்னிக்கு அவ்ளோ பேர் வர்றாங்க."

நான் சென்சார் எண்ணைக் காட்டினேன். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அறை முழுக்க என் மனைவியின் மூச்சு. ஒன்று. இன்னொன்று. நடுவே குழந்தையின் குரல், "அம்மா, கண்ணு சொருகுதும்மா."

பச்சைவிளக்கு டீயைக் கீழே வைத்தார். ஆறு எண்களையும் அவரே அடித்தார். அடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. சென்சாரின் வாயை மூடியது நான்.

குன்றின் மேல் வெள்ளையாக ஒரு தூண் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அதே நேரம் சிமென்ட் ஆலையிலிருந்து போன்: குழாயை அடைத்துவிட்டீர்களே, நாங்கள் சூளையை நிறுத்த முடியாது, பழைய புகைபோக்கியிலேயே விடுகிறோம். விடுங்கள் என்றேன். வேறென்ன சொல்ல?

பைக்கை எடுத்தேன். மேட்டுச் சாலையில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கத்தினேன்.

"டேங்க் மேல ஏறிட்டியா?"

"ம்."

"குட்டி?"

"தலைக்கு மேல... தூக்கி வெச்சிருக்கேன்."

"அவ வெயில் குடை இருக்குல்ல, மஞ்சக் குடை? விரிச்சு அவ கையில குடு. ஆட்டிக்கிட்டே இருக்கச் சொல்லு. நான் பாத்துக்கிட்டே வர்றேன்."

"ஏங்க..."

"சொல்லு."

"கீழ... சில்லுனு இருக்கும்னு... நீங்கதானே..."

அதோடு பேச்சு நின்றது. அழைப்பு நிற்கவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

இறக்கத்தின் தொடக்கத்தில் தீயணைப்பு வண்டி நின்றிருந்தது. நாற்பதடி இறங்கியதும் அதுவும் இருமி அணைந்துவிட்டதாம். முகமூடியும் முதுகில் சிலிண்டருமாக இரண்டு பேர் நடந்து உள்ளே போயிருந்தார்கள். அவர்களிடம் இருந்ததே இரண்டு முகமூடிதான். இன்னும் வருகிறது என்றார்கள். நான் இறங்க ஓடியபோது மெக்கானிக்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். எண்ணெய்க் கைகள். அழுதுகொண்டிருந்தான்.

"போகாதீங்கண்ணே. போனவங்க யாரும் திரும்பல. பால்காரர் வேன்லயே..."

பள்ளத்தில் புகை இல்லை, நெருப்பு இல்லை, வாசனை இல்லை. சுத்தமான காலை வெயில். கதவுகள் திறந்திருந்தன. தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. பால் வேன் கதவு திறந்து, ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. வாழ்நாளில் நான் பார்த்த மிக அமைதியான தெரு அதுதான்.

எனக்குப் பின்னால், குன்றுக்கு மேல், வெள்ளைத் தூண் நேராக ஏறிக்கொண்டே இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஆலையின் சாம்பல் தூண்.

எண்ணினேன். கோயில் மாதிரி மாடி கட்டிய வீடு, அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது. தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மேல் மஞ்சள் குடை, விரிந்தபடி. அதற்குக் கீழே இருப்பது குடை மறைத்ததால் தெரியவில்லை. காதில் போன். அதில் ஏதோ உரசும் சத்தம். மூச்சாக இருக்கலாம்.

முகமூடிக்காரர்கள் இரண்டாவது தெருவில் திரும்பினார்கள். எங்கள் தெரு நான்காவது.

குடை அசைந்தது. குழந்தை ஆட்டினாளோ, காற்று ஆட்டியதோ. எதுவாக இருந்தாலும் போதும். சட்டென்று திரும்பி, பின்னால் வேலியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பையைப் பார்த்தேன். அது அசையாமல் தொங்கியது. காற்று இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பள்ளத்தைப் பார்த்தேன். மஞ்சள் வட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. முன்பே அப்படித்தான் சாய்ந்திருந்ததா என்று எனக்கு நினைவில்லை.