சனிக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன்

முரளி கிறிஸ்தவனாகிவிட்டான் என்ற செய்தியைச் சிஞ்ச்வட்டிலிருந்து கட்கிக்குக் கொண்டுவந்தவள் தர்மாம்பாள் அத்தை.

"சனிக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறான் அண்ணா. கையில நீல அட்டை போட்ட புஸ்தகம் வேற. என் கண்ணால பார்த்தேன்."

விசாலாக்ஷிக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. தையில் கல்யாணம். அவள் அப்பா லக்ஷ்மிநாராயணன் மிலிட்டரி அக்கவுண்ட்ஸில் எதையும் இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர். இதை அவர் சரிபார்க்கவில்லை. "அங்க போறதை நிறுத்தச் சொல்லு. இல்லேன்னா கல்யாணத்தை நான் நிறுத்தறேன்" என்றார் மகளிடம்.

"நானே போய்ப் பார்த்துட்டு வரேன்ப்பா" என்றாள் விசாலாக்ஷி.

அவள் வேலை பார்த்த வங்கிக்கு முரளி வாரத்தில் ஒருநாள் மதியம் தொழிற்சாலையிலிருந்து போன் செய்வான். பேச்சு பெரும்பாலும் அன்றைய கேன்டீன் சாம்பாரைப் பற்றித்தான் இருக்கும். ஆனாலும் அன்று முழுவதும் அவளுக்கு வேலை அலுக்காது. அவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

சனிக்கிழமை மாலை லோக்கல் ரயில் பிடித்துச் சிஞ்ச்வட் போனாள். சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில் விளக்கு எரிந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினாள். மற்ற யாரும் கழற்றவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தாள். டீ ஊற்றிக்கொண்டிருந்த பருமனான மனிதர், "குடும்பமா?" என்று மராத்தியில் கேட்டார். தலையாட்டினாள். "இன்னிக்குக் குடும்பத்துக்காரங்களும் வரலாம், உள்ள போங்க தாயி" என்று டீயையும் கையில் கொடுத்தார்.

பிரார்த்தனை இருக்கும், பாட்டு இருக்கும் என்று எதிர்பார்த்துக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். முன்வரிசையிலிருந்து நீல அட்டைப் புஸ்தகத்தோடு முரளி எழுந்து திரும்பினான்.

"என் பெயர் முரளி. நான் ஒரு குடிகாரன்" என்று இந்தியில் சொன்னான்.

"நமஸ்கார், முரளி" என்றது ஹால் முழுவதும்.

அப்போதுதான் அவளைப் பார்த்தான். உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவன் பேச்சைத் தொடர்ந்தான். தங்கை கல்யாணத்தில் அவள் கையில் பொரியிட வேண்டிய அண்ணன் அவன். அக்னி மூட்டியாயிற்று, அண்ணனைக் காணோம். மண்டபத்துப் பின்பக்கம் வாந்தியில் விழுந்து கிடந்தான். சித்தப்பா பையன் பொரியிட்டான். அதன் பிறகும் ஒரு வருஷம் குடித்தான். குடியை விட நினைப்பவர்கள் கூடுகிற இந்த இடத்தைத் தொழிற்சாலை டாக்டர் சொன்னார். சர்ச் என்று பார்த்ததும் வாசலோடு திரும்பிப் போனான். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் டீ ஊற்றுகிறவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார். இரண்டு வருஷமாகக் குடிக்கவில்லை. தங்கை இன்னும் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு அவன் தங்கை ப்ரீதி வராததற்கு மஞ்சள் காமாலை என்று அவன் அம்மா சொன்னது விசாலாக்ஷிக்கு நினைவு வந்தது.

கூட்டம் கலைந்ததும் வேப்பமரத்தடியில் அவன் வந்து நின்றான்.

"அம்மா சொல்லவேண்டாம்னா. விட்டாச்சே, எதுக்குச் சொல்லணும்னா. நானும் சரின்னுட்டேன். தப்பு என்னோடது."

"அப்பா நீங்க மதம் மாறிட்டேள்னு நினைச்சுண்டிருக்கார்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"இங்க வரதை நிறுத்திடுங்கோ. அப்பா மேற்கொண்டு ஒண்ணும் கேக்கமாட்டார். குடிக்கறதைத்தான் விட்டுட்டேளே?"

"வரதாலதான் விட்டிருக்கேன். இதை நிறுத்த முடியாது விசாலம். கல்யாணத்தை வேணும்னா நிறுத்திக்கோ."

"எவ்வளவு சுலபமாச் சொல்றேள்!"

"சுலபமாவா சொன்னேன்?"

அவன் முகத்தைப் பார்த்தாள். "ப்ரீதியோட ஆம் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"ஆகுர்டி. அடுத்த ஸ்டேஷன். எதுக்கு? அவ என்னைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லமாட்டா."

"அதனாலதான்."

அப்போதே ஆகுர்டிக்குப் போனாள்; அண்ணன் சொல்லாமல் விட்டதையெல்லாம் ப்ரீதி ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவின் வளையலை அவன் விற்றது, மாமனார் வீட்டில் அவள் கேட்ட பேச்சு. சொல்லிவிட்டு, காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "இன்னும் அந்தக் கூட்டத்துக்குப் போறானா?"

"சனிக்கிழமைதோறும்."

"எனக்கு லெட்டர் போட்டான். நான் நம்பலை." ப்ரீதி தன் டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றாள். "போறவரைக்கும் பயமில்லை மன்னி. நிறுத்தினான்னா அன்னிக்கே எனக்கு போன் பண்ணுங்கோ. நான் வரேன்."

மன்னி என்று அவள் வாய்தவறிச் சொன்னதாகத் தெரியவில்லை.

முரளி ஆகுர்டி பிளாட்பாரத்தில் காத்திருந்தான். வரவேண்டாம் என்று அவள் சொல்லியும் வந்திருந்தான். அவள் பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"தை வேண்டாம். எனக்குக் கோபம் இருக்கு, அது போகணும். வைகாசில வெச்சுக்கலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கண்ணைத் துடைத்தானோ என்னவோ, அவள் பார்க்கவில்லை.

"அப்பா ஒத்துப்பாரா?"

"கத்துவார். நாளைக்குக் காலம்பற வாங்கோ. நீங்கதான் சொல்லணும், நான் சொல்லமாட்டேன்."

"என்னன்னு ஆரம்பிக்கறது?"

"அங்க எழுந்து நின்னு சொன்னேளே, அதையே சொல்லுங்கோ" என்றாள் விசாலாக்ஷி. "தமிழ்ல."